ஆளுக்கு ஒரு கிலோ சர்க்கரை

காலை ஐந்து ஐம்பதுக்குச் செய்தி வந்தது. தோத்தாத்ரி முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க அலுவலகத்தில் தபால் பதிவுப் பிரிவில் உட்கார்ந்தவர். எது வந்தாலும் முதலில் மணியைப் பார்த்துக்கொள்வார். பால் வாங்கப் போன அவர் மனைவி பட்டு வெறும் கூடையோடு திரும்பி வந்து, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்னா, துளசிங்கம் கடை சாத்தியிருக்கு."

"சாத்தியிருக்காது. அஞ்சுக்கே திறந்துடுவார்."

"திறக்கலை. ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாராம். கங்கம்மா தெருவுல உட்கார்ந்துண்டு அழறா."

தோத்தாத்ரி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஐந்து ஐம்பதுதான். "அப்போ பால்?" என்று கேட்டார். கேட்ட பிறகு தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாகிவிட்டது. பட்டு திட்டவில்லை. அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

1998 ஆவணி மாதம் அது. துளசிங்கத்துக்கு ஐம்பத்தோரு வயது. செம்பாக்கத்தில் ஏரிக்குப் போகிற தெருவின் முனையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மளிகைக்கடை. பலகையில் 'கங்கா ஸ்டோர்ஸ்' என்று மனைவி பெயரை எழுதியிருந்தார். அந்தப் பெயரைச் சொல்லிக் கடையை யாரும் விசாரித்ததில்லை. துளசிங்கம் கடை என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். ஆனந்தா காலனிக்கு மனை பிரித்துக் கல் நட்டதைப் பார்த்ததும், வீடு எழும்பினால் மனுஷர்கள் வருவார்கள், மனுஷர்கள் வந்தால் ரசம் வைப்பார்கள் என்று கணக்குப் போட்டு 1982இல் கடையைத் திறந்துவிட்டார். மனுஷர்கள் வந்தார்கள். ஆனால் முதலில் வந்தது வீட்டுக்காரர்கள் இல்லை. வீடு கட்ட வந்த கொத்தனார்களும் சித்தாள்களும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூலியைக் கையில் மூடிக்கொண்டு கடை முன்னால் நிற்பார்கள். அன்றைய கூலியில் அன்றைய குழம்பு. நாலணாவுக்குக் கடுகு, எட்டணாவுக்கு எண்ணெய், ஒரு ரூபாய்க்குப் பருப்பு. இது கட்டுப்படியாகிற வியாபாரம் இல்லை என்று மார்க்கெட்டில் எல்லோரும் சொன்னார்கள். "கால் கிலோவுக்குக் கம்மியா குடுக்க மாட்டேன்னா, அதுங்க இன்னிக்கு சாப்புடாதா?" என்று கேட்டுவிட்டு, துளசிங்கம் கட்டைவிரல் பருமனில் பொட்டலம் மடிப்பார்.

தோத்தாத்ரி காலனிக்குக் குடிவந்தது 1984இல், ஓய்வு பெற்ற மாசமே. வந்த முதல் வாரத்தில் நூறு கிராம் வெந்தயம் வாங்கிப் போய், வீட்டில் வைத்திருந்த தபால் தராசில் நிறுத்துப் பார்த்தார். நூற்றுநாலு கிராம் இருந்தது. குறைந்தால் சண்டை போடலாம். கூடியிருந்தால் என்ன செய்வதென்று அவருக்கு எந்த விதியும் ஞாபகத்துக்கு வரவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே திரும்பிப் போனார்.

"இதுல நாலு கிராம் ஜாஸ்தி இருக்கு."

"அது கொசுறு சார். உங்க ஆபீஸ்ல கெடையாதா?"

"எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேர் வேற."

துளசிங்கம் கல்லாப்பெட்டி மேல் கவிழ்ந்து சிரித்தார். அன்றிலிருந்து தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, கவிழ்த்துப்போட்ட பிஸ்கட் டின் தோத்தாத்ரியின் ஆசனம் ஆயிற்று. பழைய பேப்பர் பொட்டலமாவதற்குள் அதைப் படித்து முடிப்பது அவருடைய வேலை. சில சமயம் ஒரு கொலை வழக்கின் பாதி, தீர்ப்பு வருவதற்கு முன்பே யார் வீட்டுக்கோ துவரம்பருப்போடு போய்விடும்.

இப்படி ஒன்பது வருஷம் ஓடியது. 1993 தை மாதம், கேம்ப் ரோடு முனையில் பிரீமியர் பஜார் திறந்தது.

கண்ணாடிக் கதவு, ஏசி, மெல்லிசாக ஒரு பாட்டு, தள்ளிக்கொண்டு போக வண்டி. பளபளவென்று தரையைப் பார்த்ததும் வந்தவர்கள் எல்லோரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். முதல் வாரம் வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் போனவர்கள் கும்பாபிஷேகம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மானேஜர் சவுரிமுத்து, பொழிச்சலூர்ப் பையன், இருபத்தெட்டு வயசு, கழுத்தில் டை. வாசலில் நின்று, "மேடம், செருப்போட வரலாம் மேடம்," என்று கெஞ்சிக் கெஞ்சி அவன் தொண்டை கட்டிவிட்டது.

பட்டுவும் போனாள். ஏசி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் போனாள். போனதற்கு மரியாதையாக இரண்டு கிலோ பருப்பு வாங்கினாள். பில் போட்டு முடிந்தும் நகரவில்லை.

"கருவேப்பிலை?" என்றாள்.

"காய்கறி செக்ஷன் அடுத்த மாசம்தான் வருது மேடம்."

"வாங்கறதுக்குக் கேக்கலைப்பா. ரெண்டு கிலோ பருப்பு வாங்கியிருக்கேனே, ஒரு கொத்துப் போடமாட்டியோ?"

சவுரிமுத்து பில்லைப் பார்த்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான். "பில்லுல அடிக்க முடியாது மேடம்," என்றான் பரிதாபமாக.

கொசுறு இல்லாத கடை எத்தனை நாள் நிற்கும் என்று பட்டு திரும்பி வந்து தெருவெல்லாம் சொன்னாள். ஆனால் அது நின்றது. நின்றதற்குக் காரணம் சர்க்கரை. கொத்தவால் சாவடியில் மூட்டைக் கணக்கில் எடுத்தாலே கிலோ பதினொன்றே கால் விழுந்த சர்க்கரையை, பிரீமியர் பஜாரில் பத்து ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு கிலோ. கிலோவுக்கு ஒரு பரிசுக் கூப்பன்.

மாசி பாதிக்கு மேல் துளசிங்கம் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. சித்தாள்கள் மட்டும் ஆறு மணிக்கு வந்தார்கள். காலனி வீடுகள் வரவே இல்லை.

"சக்கரைக்குப் போறவங்க வெறுங்கையோடவா சார் வருவாங்க?" என்றார் துளசிங்கம். "பருப்பும் அங்கயே, சோப்பும் அங்கயே. நாலணா பொட்டலத்துல எனக்கு இன்னா நிக்குது? காலனிக்காரங்க வாங்கறதுலதான் அதுங்களுக்குக் குடுக்க முடியுது. சித்திரை வரைக்கும் தாங்குவேன். அப்பால கடைய மூடிட்டுப் பழையபடி மார்க்கெட்டுல மூட்ட தூக்கணும். நாப்பத்தாறு வயசுல எவன் சேத்துக்குவான்?"

தோத்தாத்ரி, சர்க்கரை வியாபாரத்தை முறைப்படுத்தக் கோரி அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதலாம் என்றார். பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"யோவ், நீ இன்னா வெலைக்கு வாங்கியாற?"

"பதினொண்ணே காலு. ரயிலு, கூலி தனி."

"அவன் இன்னா வெலைக்கு விக்கறான்?"

"பத்து."

"அப்ப அவங்கிட்டயே வாங்கேன்யா. எதுக்கு சாவடிக்குப் போயி வெயில்ல பேஜாரு புடிச்சிகினு கீற?"

தோத்தாத்ரி அதில் சட்டப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தார். இருப்பதாகத் தெரியவில்லை.

மறுநாளே ஆரம்பமாயிற்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எட்டு சித்தாள்கள் தலையில் சும்மாட்டோடு வரிசையாகப் போய், ஆளுக்கு ஒரு கிலோ வாங்கி வந்தார்கள். போய் வந்ததற்கு ஆளுக்கு ஒரு அச்சு வெல்லமும், வெற்றிலை பாக்கும். கங்கம்மாவின் தங்கை தினமும் போனாள். இஸ்திரிக்காரர் துணி கொடுக்கப் போகிற வழியில் ஒரு கிலோ, வருகிற வழியில் ஒரு கிலோ. பட்டு காலையில் பச்சைப் புடவையில் ஒரு தடவை, சாயங்காலம் மாம்பழக் கலரில் ஒரு தடவை. இதில் ஈடுபடுவது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்த தோத்தாத்ரி, பதினோராவது நாள் யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு போனார். பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சவுரிமுத்து ஓடிவந்தான். "சார், ஏசி ரொம்ப ஜாஸ்தியா இருக்கா சார்? கொஞ்சம் கம்மி பண்ணட்டுமா?"

"பரவாயில்லைப்பா," என்றார் தோத்தாத்ரி. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சர்க்கரைப் பையில் சொட்டியது.

அந்தச் சர்க்கரையைத் துளசிங்கம் பத்தரைக்கு விற்றார். கால் கிலோ வேண்டுமா, ஐம்பது கிராம் வேண்டுமா, கேட்ட அளவுக்குக் கிடைக்கும். கேம்ப் ரோடு வரை நடந்து, செருப்பைக் கழற்றி, வரிசையில் நிற்பதைவிட எட்டணா கூடக் கொடுப்பது மேல் என்று காலனி மெல்லத் திரும்பி வந்தது. சர்க்கரைக்கு வந்தவர்கள் பருப்பையும் வாங்கினார்கள். பிரீமியர் பஜார் என்று அச்சடித்த பிளாஸ்டிக் பைகள் மிஞ்சிக் கிடந்ததால், துளசிங்கம் அதிலேயே போட்டுக் கொடுத்தார். தெருவில் எந்தக் கையைப் பார்த்தாலும் தன் கடைப் பை தொங்குவதைப் பார்த்துச் சவுரிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாக் கிளைகளிலும் செம்பாக்கம் பக்கம்தான் சர்க்கரை அதிகம் போகிறது என்று டவுனிலிருந்த முதலாளி அவனைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். சலுகையை இன்னும் ஒரு மாசம் நீட்டவும் உத்தரவு போட்டார்.

கூப்பன்களைத் தோத்தாத்ரி பார்த்துக்கொண்டார். வாங்கி வந்தவர்கள் சர்க்கரையோடு அதையும் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

"வீணாப் போறதே துளசிங்கம். பூர்த்தி பண்ணிப் போடலாம். உங்க பேர்லயே போடறேன்."

"எனக்கு ஒண்ணும் உழாது சார். உங்களுக்குப் பொழுது போவலன்னா எழுதுங்க."

தோத்தாத்ரி எழுதினார். கூப்பனில் ஆறு கட்டங்கள்: பெயர், தகப்பனார் பெயர், முகவரி, வயது, தொழில், கையெழுத்து. மற்றவர்கள் பெயரைக் கிறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். பாதிப்பேர் அதையும் செய்யாமல் கூப்பனைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். தோத்தாத்ரி தன் வாழ்நாளில் ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. காலியாக வந்த படிவத்தை வாங்கியதும் இல்லை. முந்நூற்று எண்பத்தேழு கூப்பன்களையும் முத்து முத்தான கையெழுத்தில் முழுசாகப் பூர்த்தி செய்து, வாரம் ஒரு தடவை குல்லாவோடு போய்ப் பெட்டியில் சேர்த்தார். துளசிங்கம் எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

சித்திரை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குலுக்கல். கடை வாசலில் ஷாமியானா, மைக், ரோஜாப்பூ. முதலாளி சஃபாரி சூட்டில் வந்திருந்தார். ஊரே வந்திருந்தது. காலனி முன்வரிசை நாற்காலியில், சித்தாள்கள் பின்னால் செங்கல் அடுக்கின் மேல். துளசிங்கம் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கங்கம்மா இழுத்து வந்திருந்தாள்.

மூன்றாம் பரிசு எவர்சில்வர் குடம். சேலையூர் டீச்சர் ஒருத்திக்குப் போயிற்று. இரண்டாம் பரிசு மிக்ஸி. சவுரிமுத்து கூப்பனைப் பிரித்தான். இவ்வளவு நேர்த்தியான எழுத்தை அவன் பார்த்ததில்லை. பெயரை மட்டும் படித்து நிறுத்த மனசு வரவில்லை போலிருக்கிறது.

"திரு. துளசிங்கம். தகப்பனார் பெயர் காலஞ்சென்ற முனுசாமி. ஏரிக்கரைத் தெரு, செம்பாக்கம். வயது நாற்பத்தாறு. தொழில்..." மைக் ஒரு விநாடி உர்ரென்றது. "தொழில், மளிகைக்கடை. சொந்தம்."

முன்வரிசையில் பட்டு மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினாள். "எழுதினேளா?"

"கட்டம் இருந்தது," என்றார் தோத்தாத்ரி.

முதலாளிக்குச் சரியாகக் காது கேட்கவில்லையோ என்னவோ, சிரித்துக்கொண்டே முதல் பரிசுக்குத் தானே பெட்டிக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினார். பெட்டியில் இருந்ததே மொத்தம் ஐந்நூற்றுச் சொச்சம். எடுத்த சீட்டை அவரே பிரித்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

"இதுவும் அவரேதான்," என்றார்.

செங்கல் அடுக்கின் மேலிருந்து விசில் பறந்தது. "எங்க அண்ணன்டா!" என்று ஒரு சித்தாள் கத்தினாள். துளசிங்கத்தைத் தூணிலிருந்து பெயர்த்தெடுத்து மேடையில் ஏற்றினார்கள். அவர் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினார்.

"நீங்க மளிகைக்கடையா வச்சிருக்கீங்க?" என்றார் முதலாளி, மைக்கில்.

"ஆமாம் மொதலாளி."

"கடை வச்சிருக்கிற ஆளு எங்ககிட்ட ஏன் சர்க்கரை வாங்கினீங்க?"

"வெல கம்மி மொதலாளி. கொத்தவால் சாவடிலகூட இந்த வெலைக்குத் தர மாட்டேன்றான்."

"எத்தனை கிலோ வாங்கினீங்க?"

"ஒரு நாலு மூட்ட இருக்கும். நீங்க ஆளுக்கு ஒரு கிலோன்னு சொல்லிட்டீங்க, அதான் லேட்டாயிடுச்சி. இல்லன்னா மாசியிலயே முடிச்சிருப்பேன்."

கூட்டம் ஓய்வதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. வியாபாரிகளுக்குப் பரிசு கிடையாது என்று முதலாளி அறிவித்தார். அப்போது தோத்தாத்ரி எழுந்தார். குல்லா இல்லாமல், வெறும் தலையோடு மேடையேறி மைக்கைக் கையில் வாங்கினார். பட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"விதிகள் மொத்தம் ஒன்பது. கூப்பனுக்குப் பின்பக்கம் அச்சடிச்சிருக்கேள். ஆறாவது விதிப்படி, உங்க ஊழியர்களும் அவாளோட குடும்பத்தாரும் கலந்துக்கக் கூடாது. இவர் உங்க ஊழியர் இல்லை. உங்க குடும்பமும் இல்லை. வியாபாரி கலந்துக்கக் கூடாதுன்னு ஒன்பது விதியிலயும் இல்லை. வேணுமானா வாசிக்கறேன்."

சவுரிமுத்து அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார்," என்றான் தாழ்ந்த குரலில், "நீங்க அந்தக் குல்லா சார்தானே?"

அத்தனை பேர் முன்னால் வேறு வழியில்லாமல் மிக்ஸியும் முதல் பரிசும் கைமாறின. நூற்று அறுபத்தைந்து லிட்டர் ஃபிரிட்ஜ், வெள்ளை நிறம். மறுநாள் காலை சர்க்கரை பன்னிரண்டு ரூபாய் ஆகிவிட்டது. சவுரிமுத்துவின் சீட்டைக் கிழிக்கத்தான் பார்த்தார்கள். பாராட்டுக் கடிதம் கையில் இருந்ததால் முடியவில்லை.

ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் நுழையவில்லை, கதவு சின்னது. கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கங்கம்மா அதில் பாலும் தயிரும் வைத்தாள். சித்தாள்களுக்கு மோர் எட்டணா, ஜில் தண்ணீர் சும்மா. பிரீமியர் பஜார் ஒன்பது மணிக்குக் கதவைத் திறப்பதற்குள் காலனி முழுக்கத் துளசிங்கம் கடையில் பால் வாங்கி, கூடவே மற்றதையும் வாங்கி முடித்திருக்கும். பட்டு சொல்வாள், அந்த முதலாளி சீர் கொடுத்துத்தான் இந்தக் கடை பிழைத்தது என்று. ஒரு தீபாவளிக்குக் கையிருப்பு தீர்ந்துபோய், சவுரிமுத்து சைக்கிளில் வந்து அரை மூட்டை சர்க்கரை கைமாற்றாக வாங்கிப் போனான். துளசிங்கம் அதோடு ஒரு கொத்துக் கருவேப்பிலையும் போட்டு அனுப்பினார்.

பிழைத்தது என்றால், சும்மா பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு வேளச்சேரி ரோட்டில் இன்னும் இரண்டு பெரிய கடைகள் வந்தன. நாலணா பொட்டலத்தின் விலையை ஏற்றாமல் இருக்க, துளசிங்கம் வேறு எதையெதையோ குறைத்தார். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து மூட்டைக்கு ஆட்டோ வைப்பதை நிறுத்திவிட்டுத் தானே சைக்கிளில் கட்டி மிதித்து வந்தார். வந்து இறங்கி மார்பைத் தடவிக்கொள்வார். "டாக்டரைப் பாருங்கோ," என்று தோத்தாத்ரி சொன்னால், "வாயு சார். அவனுக்கு அம்பது ரூபா குடுக்கறதுக்கு நம்ம கடையில ஓமம் இல்லியா?" என்று டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

துளசிங்கம் போன அன்றைக்கு மத்தியானமே எடுத்தார்கள். கட்டட வேலைகளெல்லாம் நின்றுவிட்டன. சவுரிமுத்து டையைக் கழற்றிப் பாக்கெட்டில் சுருட்டி வைத்துக்கொண்டு, ஏரிக்கரை வரை கூட நடந்தான். தோத்தாத்ரியிடம் ஏதோ சொல்ல வந்து, "குல்லா சார்," என்று ஆரம்பித்து, மூக்கை உறிஞ்சினான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கங்கம்மா கடையைத் திறந்தாள். தங்கை வேண்டாமென்று தடுத்தாள். ஊர் என்ன சொல்லும் என்றாள்.

"ஆறு மணிக்கு அதுங்க வந்து நிக்குமே. பெரிய கடையில போயி ஒரு ரூபாக்குப் பருப்பு குடுன்னா குடுப்பானா?" என்றாள் கங்கம்மா. பிறகு தோத்தாத்ரி பக்கம் திரும்பினாள். "சார், நான் நிறுக்கறேன். நீங்க தயிர எட்த்துக் குடுங்க."

எழுபத்திரண்டு வயதில் தோத்தாத்ரி முதல் தடவையாகக் கல்லாப்பெட்டியைத் தாண்டி உள்பக்கம் வந்தார். தயிரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஃபிரிட்ஜைச் சாத்தினார். கதவு சரியாகச் சேரவில்லை. மறுபடி சாத்தினார், மறுபடியும் இடைவெளி தெரிந்தது. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ரப்பர் பூட்ச்சினு புதுசு வாங்கியாந்தாரு சார்," என்றாள் கங்கம்மா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "போறதுக்கு மொத நாள் சாயங்காலம் ஒட்டிகினே இருந்தாரு. கூட்டம் வந்திடுச்சி."

கதவைச் சுற்றி மூன்று பக்கம் புது ரப்பர் ஒட்டியிருந்தது. கீழ்ப்பக்கம் இன்னும் ஒட்டவில்லை.